சைக்கிளுக்குப் பின்னால் நின்றவர்கள்

வவுனியாவில் நான் வேலை பார்த்த ஸ்ரூடியோவுக்கு வந்தவர்களில் அநேகம்பேர் தங்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. ஆமி தரும் பாஸுக்குப் படம், அடையாள அட்டைக்குப் படம், முகாமில் பதிவதற்குப் படம். அந்த ஊரில் தங்குவதற்கும் படம் வேண்டும், அந்த ஊரைவிட்டுப் போவதற்கும் படம் வேண்டும். இரண்டு காதும் தெரிய இருங்கோ, நாடியை நிமிர்த்துங்கோ, சிரிக்காதேங்கோ. இதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பின்னேரமாகும்போது என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கும். நான் வேறெங்கோ இருப்பேன்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாரோடும் சேர்ந்து இடம்பெயர்ந்து, முள்ளியவளையில் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு ஒன்றரை வருஷம் இருந்து, பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்திருந்தேன். வந்து சேர்ந்தோம் என்று எழுதினால் ஏதோ பயணம் போனதுபோல இருக்கும். அப்படியில்லை. ஒவ்வோர் இடத்திலும் களைத்துப்போய் நின்றோம், பிறகு அங்கிருந்தும் எழும்ப வேண்டி வந்தது.

உயர்தரத்தில் நான் கணிதம் படித்தவள். வவுனியாவில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போய் சி மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதப் பழகியிருந்தேன். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் ஸ்ரூடியோ அண்ணை என்னை வேலைக்கு எடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். ஒருகாலத்தில் வன்னி முழுக்கக் கலியாணப் படம் எடுத்துத் திரிந்தவர். இப்போது பாஸ் படம் எடுத்துக்கொண்டு, கடை வாசலில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் நெஞ்சைத் தடவிக்கொள்வார். கொழும்பிலிருந்து ஒரு பழைய கணினியும் ஸ்கானரும் அச்சுப்பொறியும் எடுப்பித்திருந்தார். ஸ்கானரோடு வந்த மென்பொருளில் படத்தை வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், ஒரு றப்பர் போன்ற கருவியால் அழிக்கலாம். வேறொன்றும் செய்யத் தெரியாத மென்பொருள் அது.

ஒரு மத்தியானம், வெயிலில் றோட்டில் ஆட்களே இல்லாத நேரம், ஒரு அம்மா வந்தார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த கை. இடம்பெயர்ந்தவர்களுக்கான நலன்புரி முகாமில் இருப்பவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"புள்ள, படம் திருத்திக் குடுப்பீங்களாமே?" என்றார். பேச்சில் மலைநாடு தெரிந்தது. அந்தக் காலத்தில் கலவரத்துக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வந்து, இரணைமடுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது என்று பிறகு சொன்னார்.

"என்ன படம் அம்மா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சட்டையின் உள் மடிப்பில் தைத்திருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொலித்தீன் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தார். உள்ளே ஒரு படம். மேற்பாதியில் மடித்த கோடு ஒன்று குறுக்காக ஓடியது.

படத்தில் ஒரு பெடியன் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தான். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். நீலச் சட்டை, கை மடித்துவிட்டிருந்தான். இரண்டு காலும் பெடலில். கமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி முகம். நல்ல வெயிலில் எடுத்தபடியால் எல்லாமே அப்படியே உறைந்துபோயிருந்தது. சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அவனுக்குப் பின்னால், சிவப்பும் மஞ்சளுமாகக் கடதாசிக் கொடிகள் கட்டிய ஒரு வளைவு. அதற்குக் கீழே வரி உடுப்போடு இயக்கப் பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு பேரும் பெண்கள்.

"இது எம் மகன்," என்றார். "நாலு வருசத்துக்கு முந்தி இரணைமடுப் பக்கம் ஒரு வெளையாட்டுப் போட்டி வச்சாங்க. கமரா வச்சிருந்த ஒரு தம்பி எடுத்துக் குடுத்துச்சு. இது ஒண்ணுதான் இருக்கு."

"மகன் இப்ப எங்க அம்மா?"

"தெரியலியே புள்ள. வெதநெல்லு வாங்கியாரேன்னு இந்தச் சைக்கிள்லதான் போனான். வரவே இல்ல. நான் ஓமந்தப் பக்கமா ஆமி சோதனையத் தாண்டி வந்தப்போ இதச் சட்டைக்குள்ள தச்சுக்கிட்டுதான் வந்தேன். ரெண்டு வருசமா அப்படியே வச்சிருக்கேன். இந்தா பாருங்க, வேர்வைபட்டு ஓரமெல்லாம் போகுது. இத முகாமுல மாட்டி வைக்கணும். பின்னால இருக்கிறத எடுத்துட்டு."

அதற்குள் ஸ்ரூடியோ அண்ணை எட்டிப் பார்த்துவிட்டார். உடனே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மா, உதோட பிடிபட்டால் உங்களுக்கும் எங்களுக்கும் என்ன நடக்குமெண்டு தெரியுமோ?"

"தெரியும் ஐயா. அதான வந்திருக்கேன்."

அண்ணை கதிரையில் இருந்தார். பிறகு, "முகத்தை மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தாறம். வடிவா இருக்கும். உதை எரிச்சுவிடுவம்," என்றார்.

அந்த அம்மா தலையாட்டி மறுத்தார். "முகத்த மட்டும் வெட்டினா அது செத்தவங்க படம் ஐயா. மாலை போடுற படம். எம் மகன் செத்துட்டான்னு எனக்கு யாரும் சொல்லல. சைக்கிளோட இருக்கணும்."

அதற்குமேல் அண்ணை வாதாடவில்லை. நான் படத்தை ஸ்கான் பண்ணினேன். றப்பர் கருவியால் பின்பக்கத்தை வெள்ளையாக அழித்துப் பார்த்தோம். வெட்டி எடுத்த கடதாசிப் பொம்மையைச் சுவரில் ஒட்டியதுபோல இருந்தது.

"உதைப் பாத்தால் எந்த ஆமிக்காரனும் கேப்பான், பின்னால என்னத்தை அழிச்சனீங்கள் எண்டு," என்றார் அண்ணை. பிறகு யோசித்தபடியே கையைக் கமரா பிடிப்பதுபோல வைத்து இடமிருந்து வலமாகத் திருப்பினார். "ஓடுற ஆளோட சேர்த்து நானும் கமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால், ஆள் தெளிவா விழும். பின்னுக்கு நிக்கிறதெல்லாம் கோடு கோடா இழுபட்டுப்போம். சைக்கிள் ரேஸ் படமெல்லாம் அப்பிடித்தானே? எடுத்த ஆள் அப்பிடி எடுத்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. பிள்ளை, அதைக் கொம்பியூட்டரில செய்யேலுமோ?"

"தெரியேல்லை அண்ணை. பாக்கிறன்," என்றேன். எனக்கு அப்போது இருந்த அலுப்பில் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்ணம் மிகவும் எளிமையானது. கணினிக்குப் படம் என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று எண்கள். கமராவின் கண் திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்துக்குள் பல இடத்து வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்து கலப்பதால்தான் படம் இழுபடுகிறது. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் உள்ள புள்ளிகளோடு கூட்டி, எண்ணிக்கையால் பிரித்து, அந்தச் சராசரியை அதன் இடத்தில் வைத்தால் போதும். பக்கத்தில் எத்தனை புள்ளிகளை எடுக்கிறோமோ அவ்வளவுக்கு இழுவை நீளும். முதல் நிரலை ஒரு காலையில், கடை திறக்கமுன்னரே எழுதி முடித்துவிட்டேன்.

ஓடவிட்டதும் பெடியனும் சேர்ந்து இழுபட்டுப்போனான். நீலமாக ஒரு புகை.

எது அவன், எது அவனில்லை என்று கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்கு வேறு வழி தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் அவன் எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறான் என்று பார்த்து ஒரு கோப்பில் தட்டச்சு செய்தேன். தலைமயிர், காது, தோள், ஹாண்டில், சைக்கிள் சட்டத்துக்குள்ளால் தெரியும் வெளி. ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகள். காலையில் கொஞ்சம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம். இரண்டாம் நாள் கோப்பைச் சேமிக்க முன்னம் கரண்ட் போனது. கழுத்திலிருந்து இடுப்புவரை செய்தது எல்லாம் போய்விட்டது. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். மூன்றாம் நாள் கழுத்திலிருந்து மறுபடி செய்தேன். நாலாம் நாள் என் பாஸ் முடிகிற நாள், அதைப் புதுப்பிக்க வரிசையில் நின்றதில் அரை நாள் போனது. திரும்பி வந்து இடுப்பிலிருந்து தொடர்ந்தேன்.

அவனுடைய முழங்கை பின்னால் நின்ற பெண்களில் வலப்பக்கத்தவளின் இடுப்போடு ஒட்டியிருந்தது. எது அவன் சட்டை மடிப்பு, எது அவள் உடுப்பு என்று பிரிக்க அந்த இடத்தை மிகவும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் வடிவாகப் பார்த்தேன். இடப்பக்கம் நின்றவள் படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரிய. வலப்பக்கம் நின்றவள் தலை குனிந்திருந்தாள். பின்னிக் கட்டிய கூந்தலும் நெற்றியும்தான் தெரிந்தன. இரண்டு பேருக்கும் என்னைவிட வயது குறைவாக இருக்கும்.

எல்லைக் கோப்பு முடிந்து மறுபடி ஓட்டியபோது பெடியன் தெளிவாக நின்றான். ஆனால் அவனைச் சுற்றி நீலமாக ஒரு ஒளிவட்டம், சாமிப் படத்தில் இருப்பதுபோல. பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டும்போது அவனுடைய சட்டையின் நிறமும் சேர்ந்து பின்னணிக்குள் ஒழுகியிருக்கிறது. சராசரி எடுக்கும்போது அவனுடைய புள்ளிகளைச் சேர்க்காமல் தாண்டிப் போகும்படி நிரலை மாற்றினேன். வட்டம் போனது. பிறகு படத்தின் இரண்டு கரையும் கறுத்துக் கிடப்பதைக் கண்டேன். கரைக்கு வெளியே படமில்லை. இல்லாத இடத்தை நிரல் பூச்சியம் என்று எடுத்து, பூச்சியத்தையும் கூட்டிப் பிரித்திருந்தது. அதையும் திருத்தினேன்.

அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனால் இவ்வளவு வேகமாய் ஓடுற சைக்கிளின்ர கம்பி இப்பிடித் தெரியுமோ?"

தெரியாதுதான். சில்லு சுற்ற வேண்டும். சில்லுக்கு நேர்கோட்டில் கூட்டினால் சரிவராது, நடுவை மையமாக வைத்து வட்டமாகக் கூட்ட வேண்டும். உயர்தரத்தில் படித்த சைன், கொசைன் எல்லாம் நினைவுக்கு வந்தது. முழுப் படத்தையும் ஒரேயடியாக நினைவகத்தில் வைத்திருக்க அந்தப் பழைய கணினியில் இடம் போதாது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் வன்தட்டிலிருந்து தேடித் தேடி வாசிக்க வேண்டும். ஒரு சில்லு முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கணினி கறகறவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க நான் பக்கத்தில் இருந்து பாஸ் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன், கரண்ட் போகக்கூடாது என்று நினைத்தபடி. போகவில்லை.

"இப்ப சரி," என்றார் அண்ணை. பிறகு விரலை வளைவு இருந்த இடத்தில் வைத்தார். "கொடி போயிட்டுது. நிறம் போகேல்லையே பிள்ளை."

அவர் சொன்னது சரி. குறுக்காகக் கட்டிய கொடியைக் குறுக்காக இழுத்தால் குறுக்காகத்தான் நிற்கும். எழுத்தும் உருவமும் இல்லாமல் போயிருந்தன, ஆனால் சிவப்பும் மஞ்சளும் இரண்டு பட்டையாக அவன் தலைக்கு மேலே ஓடின. பார்த்தவுடன் யாரும் கண்டுபிடிப்பார்கள். பின்னணியில் நிறத்தின் செறிவைக் குறைத்து, மண்ணும் சாம்பலும் கலந்ததுபோல ஆக்கினேன். அவன் தலைக்கு மேலே மடித்த கோடும் அப்படியே குறுக்காக நின்றது. அது ஏதோ கரண்ட் வயர் போல இருந்ததால் விட்டுவிட்டோம்.

அந்த அம்மா வந்தபோது அச்செடுத்த படத்தைக் கையில் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓடுறான்," என்றார். பிறகு, "அந்த ரெண்டு புள்ளைங்களும் போயிருச்சா?"

"ஓம் அம்மா. ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது."

"பாவம்," என்றார். "அதுங்களும் அன்னைக்கு வெயில்லதான் நின்னுச்சு."

பழைய படத்தை என்ன செய்வதென்று அண்ணை கேட்டார். "நீங்களே செஞ்சிருங்க, என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு அவர் முன்கடைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பின்னறையில் படம் கழுவும் தொட்டிக்குள் வைத்து நான் கொளுத்தினேன். படத்தாள் கடதாசிபோல எரியாது. சுருண்டு, உருகி, மூக்கைப் பிடிக்கிற மணத்தோடு போகும். ஸ்கான் பண்ணிய மூலக் கோப்பையும் அழித்தேன். அண்ணை பக்கத்தில் நின்று, "உண்மையா அழிஞ்சுட்டுதோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

கொஞ்ச நாளில் அந்த முகாமைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மா கடைக்குள் வந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு ஆமிக்காரப் பய படத்துக்குக் கிட்டயே வந்து நின்னான் புள்ள. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ரேஸான்னு கேட்டான். ஆமான்னேன். இன்னொருத்தனையும் கூப்பிட்டுக் காட்டுனான். கெட்டிக்காரன்னு ஏதோ சொல்லிட்டுப் போனாங்க." சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

அந்த நிரல் எங்கள் கடையில் தொடர்ந்து வேலை செய்தது. அண்ணை அதற்கு ஓடுற படம் என்று பெயர் வைத்தார். ஊர்ப் பெடியள் யாருடையதோ மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பின் வளவில் நிறுத்தி, ஏறியிருந்து, குனிந்து, காற்றில் போவதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படம் எடுப்பித்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்த கிணற்றையும் வாழையையும் இழுத்து விட்டேன். பாஸ் இல்லாமல் நகரத்தைத் தாண்டிப் போகமுடியாத பெடியள் அவர்கள். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேகமாக்க ஏலாதோ அக்கா என்று கேட்பார்கள். எண்ணைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டுவேன்.

அடுத்த வருஷம், மழை விட்ட ஒரு காலையில், வேறொரு அம்மா வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு, காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பாஸ் படம் என்று நினைத்துக் கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை.

"பிள்ளை, அந்தச் சைக்கிள் பெடியன்ர படம் செய்தது நீங்களோ?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை வாசலைப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ. நானும் அவாவும் ஒரே முகாம். பக்கத்துப் பக்கத்து அறை." குரலைத் தாழ்த்தினார். "நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். கலியாணம் முடிச்ச காலத்தில காணி கிடைச்சு இரணைமடுவுக்கு வந்து வயல் செய்தனாங்கள். அந்தப் படத்தில பெடியனுக்குப் பின்னுக்கு ரெண்டு பிள்ளையள் நிண்டவையாம். அவா இப்பதான் கதையோட கதையாச் சொன்னவா. என்ர மகள் இயக்கத்துக்குப் போனவள், அந்த நேரம் இரணைமடுப் பக்கம்தான் நிண்டவள். அந்த விளையாட்டுப் போட்டிக்கு வந்தவள் எண்டு ஆக்கள் எனக்குச் சொன்னவை."

"மகள் இப்ப..."

"சவப்பெட்டிதான் வந்தது. திறக்க விடேல்லை."

அண்ணை எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

"வீட்டில படம் இருந்தது பிள்ளை. நிறைய இருந்தது. சேர்ச்சில முதல் நன்மைக்கு எடுத்த—" என்று தொடங்கியவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இல்லை, அது தங்கச்சியின்ர மகளின்ர. என்ர பிள்ளையின்ர பள்ளிக்கூடப் படம், பிறந்தநாள் படம், எல்லாம் இருந்தது. இஞ்சால வர முன்னம் நான்தான் எல்லாத்தையும் அடுப்பில போட்டனான். சோதினையில ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது எண்ட பயம். மற்றப் பிள்ளையளையும் கொண்டு வரவேணுமே. இப்ப கண்ணை மூடினால் அவளின்ர முகம் ஒருநாள் வருது, ஒருநாள் வருதில்லை. அந்தப் படத்தை ஒருக்காக் காட்டுங்கோ. பழைய படத்தை."

எரித்துவிட்டோம் என்று நான் சொன்னேன். கணினியில் இருந்ததையும் அழித்தாயிற்று என்றேன்.

அவர் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒருவேளை சுகமாக இருந்திருக்கும். "இழுத்ததைத் திருப்பி விடேலாதோ?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சாச்சு அம்மா. என்ன எண்ணும் என்ன எண்ணும் சேர்ந்து வந்தது எண்டு பிறகு பிரிக்கேலாது. நான் பாக்கிறன். ஆனால் வராது எண்டுதான் நினைக்கிறன்."

அவர் இப்போதுதான் கதிரையில் இருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே கனநாள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். என்ன மாதிரி இருந்தவையள்?"

அவர் கேட்டது சரிதான். அந்த முழங்கையையும் இடுப்பையும் பிரிக்க நான் நாட்கணக்காகப் பார்த்திருந்தேன். அந்தப் பெடியனுடைய தாய்கூட அந்த இரண்டு பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"ஒரு பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிண்டவா," என்றேன். "பல்லுத் தெரிய."

அவர் முகம் ஒருகணம் விரிந்து, உடனே சுருங்கியது. "இல்லை. என்ர பிள்ளை பல்லுத் தெரியச் சிரிக்கமாட்டாள். முன்பல்லு மிதப்பு எண்டு கையால மூடிக்கொள்ளுவாள்." பிறகு கேட்டார். "காதில ஒரு மச்சம் இருந்ததோ?"

பொய் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எந்தப் பொய் அவருக்கு உதவும் என்று தெரியவில்லை. "முகமெல்லாம் சின்னச் சின்னனாத்தான் இருந்தது அம்மா. மச்சம் தெரியிற அளவுக்கு இல்லை."

"அப்ப மற்றப் பிள்ளை?"

"அவான்ர முகம் தெரியேல்லை. குனிஞ்சுகொண்டு நிண்டவா. நெத்தியும் தலைமயிரும்தான் தெரிஞ்சது. பின்னிக் கட்டியிருந்தது."

"குனிஞ்சுகொண்டோ?"

"ஓம்."

வெளியே ஒரு ட்ராக்டர் போன சத்தம் முழுவதும் அடங்கும்வரை அப்படியே இருந்தார். "அது அவள்தான்," என்றார். "கமராவைக் கண்டால் குனிஞ்சிடுவாள். கலியாண வீடுகளிலயும் அப்பிடித்தான். எத்தினை தரம் பேசியிருக்கிறன், நிமிரடி நிமிரடி எண்டு."

அது அவருடைய மகளா என்று எனக்குத் தெரியாது. குனிந்து நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். முகம் தெரிந்திருந்தால் ஆமா இல்லையா என்று ஒரு முடிவு வந்திருக்கும். பழைய படம் இருந்திருந்தாலும் அவர் தேடி வந்தது அதில் இருந்திருக்காது என்று எண்ணி நான் கொஞ்சம் ஆறுதல்படப் பார்த்தேன். அந்த ஆறுதல் அன்று மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. நெற்றி இருந்தது. பின்னிய தலை இருந்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

இழுத்த படம் கணினியில் இருந்தது. அதைத் திறந்து காட்டினேன். பெடியனுடைய முழங்கைக்குப் பக்கத்தில், மங்கிய பச்சையும் மண்ணிறமும் கலந்த ஒரு பட்டையின் மேல் விரலை வைத்தேன்.

"இந்த இடத்தில நிண்டவா."

அவர் எழுந்து வந்து, என் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை அங்கே வைத்தார். "எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ," என்றார். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கித் தரவா என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை. அந்தப் பெடியனோடயே இருக்கட்டும். தனிய எடுத்தால் அதில என்ன இருக்கு?"

அச்செடுத்து, ஈரம் காயும்வரை வைத்திருந்து கொடுத்தேன். குடையைக்கூட மறந்து போனவர் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

நான் முயன்று பார்க்கத்தான் செய்தேன். மூன்று நாள், கிடைத்த நேரமெல்லாம். கரையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளியாகக் கழித்துக் கழித்துப் போனால் மூல எண்கள் திரும்பி வரவேண்டும் என்று காகிதத்தில் எழுதியபோது வந்தது. படத்தில் வரவில்லை. பிரிக்கும்போது நான் விட்டுவிட்ட தசமங்கள், நிறத்தைக் குறைத்தபோது போன மிச்சங்கள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து பெருகி, கடைசியில் திரை முழுக்க நெடுங்கோடுகள்தான். கொட்டும் மழையைப் படமெடுத்ததுபோல. அந்தக் கோடுகளுக்குள் ஒரு நெற்றி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் பார்த்தால் எதுவும் தெரியத் தொடங்கும்.

அண்ணை பின்னால் வந்து நின்றார். "விடும் பிள்ளை," என்றார். "நான்தானே எரிக்கச் சொன்னனான்."

எங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள், அதைத்தான் செய்திருப்பார்கள்.

சில மாதம் கழித்துப் பெடியனுடைய தாய் மறுபடி வந்தார். முகாமில் இன்னொரு சோதனை நடந்ததாம். ஒரே படம் இரண்டு அறையில் தொங்குவதைக் கண்டு, யாருடைய மகன் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் எம் மகன்னு சொன்னேன். பக்கத்து அறை அக்காவையும் கேட்டாங்க. அதுவும் என்ர மகன்னு சொல்லிருச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் அதுவே சொல்லுச்சு, நாங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி, எங்கள்ல யாரு புள்ளன்னாலும் ரெண்டு பேருக்கும் புள்ளதான்னு. அந்த ஆமிக்காரன் எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சாடையும் இல்லியே. ஆனாலும் போயிட்டான்."

"மகனைப் பற்றி ஏதும் தெரிய வந்ததோ அம்மா?"

"இல்ல புள்ள."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேறு கதைகள் கதைத்தோம். முகாமில் தண்ணீர் வராதது, அவருக்கு முழங்கால் நோவு, என் அம்மாவின் இருமல். அவர் போனபின் அண்ணை கதவைத் திறந்துவிட்டார். வெளியே பாஸ் படத்துக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து முதல் ஆளைக் கூப்பிட்டேன்.